கை அறிந்த வழி

தட்டச்சு நன்கு பழகிய ஒருவரிடம் ‘ழ’ எந்த விசையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உடனே விடை வராது. விரலைக் காற்றில் அசைத்துப் பார்த்து, அது போய் நின்ற இடத்தைக் கண்ட பிறகுதான் சொல்வார். அறிவு விரலில் இருக்கிறது. மனம் அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. வீணை வாசிப்பவருக்கும், பூத்தொடுப்பவருக்கும், தறி நெய்பவருக்கும் இது புதிய செய்தியன்று. கணினியில் எழுதுகிறவர்களும் அந்த வரிசையில் சேர்ந்தவர்களே என்பதை மட்டும் நாம் ஏனோ அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

நாங்கள் மூவர். பகலில் வயிற்றுப்பாட்டுக்கான வேலைகள். மாலைகளில் பழைய இதழ்த் தொகுப்பு ஒன்றுக்குச் சொல்லடைவு தயாரிக்கிறோம். சொல்லைத் தேடுவது, பிழையான வடிவத்தைத் திருத்துவது, ஒரே சொல்லின் இரு எழுத்துமுறைகளை ஒப்பிடுவது எல்லாம் கட்டளைவரியில், கறுப்புத் திரையில், ஒரு பொதுச் சேவையகத்தில் நடக்கின்றன. பாஷ் என்னும் கட்டளை உறையில் தொடங்கி, தரவுத்தளத்துக்கான பிஎஸ்கியூஎல், சிறு நிரல்களுக்கான பைத்தான், மறுபடி பாஷ் என்று ஒரே மாலையில் பத்துமுறை வாசல் மாறுவோம். ஒவ்வொரு வாசலிலும் கை தன் பழக்கத்தோடு நுழைகிறது. உள்ளே இருப்பவர் அந்தப் பழக்கத்தை ஏற்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு. நீளமான கட்டளை ஒன்றை அடித்துக்கொண்டே போய் நடுவில் நிற்கிறோம். கண்ட்ரோல்-யூ அழுத்தினால் பாஷில் வரியின் தொடக்கம் முதல் சுட்டி நிற்கும் இடம் வரை அழியும். இசட்ஷெல்லின் இயல்பு அமைப்பில் அதே விசை வரி முழுவதையும் துடைத்துவிடும். கண்ட்ரோல்-டபிள்யூ முனையத்தில் ஒரு சொல்லை அழிக்கும். அந்த முனையம் உலாவியின் தாள் ஒன்றுக்குள் ஓடுமானால் தாளையே மூடிவிடும். கண்ட்ரோல்-எஸ் பல மென்பொருள்களில் சேமிக்கும் விசை. முனையத்திலோ திரையை உறையவைக்கும்; கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால்தான் உயிர் திரும்பும். தொலையச்சு இயந்திரங்களை நிறுத்தவும் தொடரவும் பயன்பட்ட குறிகளின் எச்சம் அது. இயந்திரம் போய்விட்டது, குறி மட்டும் இருக்கிறது.

*

இந்தக் குழப்பத்தின் வேரைத் தேடிப் போனால், ஒரு விசை நிரலைச் சென்று சேரும் முன் மூன்று படிகளைக் கடக்கிறது என்பது தெரிகிறது. முதல் படி இயங்குதளத்தின் முனைய இயக்கி. அதற்குத் தெரிந்தவை சிலவே: ஓர் எழுத்தை அழி, ஒரு சொல்லை அழி, வரியை அழி, நிறுத்து. இரண்டாம் படி வரித்திருத்த நூலகம். நிரல்கள் பல பொதுவாகப் பகிர்ந்துகொள்வது. மூன்றாம் படி நிரல். அது தனக்கென்று விதிகள் வைத்திருந்தாலும் வைத்திருக்கும். கை எங்கே தடுமாறினாலும் முதலில் கேட்கவேண்டியது, இந்த விசையை மூன்று பேரில் யார் பிடித்துக்கொண்டார்கள் என்பதே.

நடுப்படியில் மிகப் பரவலாக இருப்பது குனு திட்டத்தின் ரீட்லைன். பிரையன் ஃபாக்ஸ் தொடங்கிய இதைப் பல பத்தாண்டுகளாகப் பராமரித்து வருபவர் செட் ரேமி. 1989இல் முதன்முதலில் வெளிவந்த பாஷின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். பாஷ் மட்டுமல்ல, பிழைதேடும் ஜிடிபி முதலிய பலவும் வரியைப் படிக்கும் வேலையை இதனிடம் ஒப்படைக்கின்றன. எனவே இல்லக் கோப்புறையில் இன்புட்ஆர்சி என்ற பெயருடன், முன்னால் ஒரு புள்ளி வைத்த சிறு கோப்பு ஒன்றை எழுதிவைத்தால், அதன் சொல் இத்தனை இடங்களிலும் செல்லும். ஒரே ஓலை, பல ஊர்களில் செல்லுபடியாகும்.

ரீட்லைன் இரண்டு மரபுகளை அறியும். ஒன்று ஈமாக்ஸ் மரபு, மற்றது வீஐ மரபு. இரண்டுமே 1976இல் வேர்விட்டவை. எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் பங்கெடுக்க ஈமாக்ஸ் உருவாயிற்று. பெர்க்கிலியில் பில் ஜாய் வீஐ எழுதினார். பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தின் விசைப்பலகைப் படத்தைப் பார்த்தவர்களுக்குப் பல புதிர்கள் அவிழும். ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளின் மேல் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்று டாப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது. இன்று கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கண்ட்ரோல் இருந்தது. வீஐயில் நொடிக்கு நொடி எஸ்கேப் அழுத்தவேண்டியிருப்பது அன்று சுண்டுவிரலுக்கு ஒரு சுமையே அல்ல. விசைகள் பிறகு இடம்பெயர்ந்தன, பழக்கம் பெயரவில்லை. இன்றைய விசைப்பலகையில் எஸ்கேப்புக்காக விரல் மேல்மூலைக்குத் தாவும்போதெல்லாம், இல்லாத ஒரு விசைப்பலகையின் நிழலில்தான் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

யுனிக்ஸ் உறைக்குப் பொதுத் தரம் வகுத்த போசிக்ஸ் குழுவினர் வரித்திருத்தத்துக்கு வீஐ முறையை மட்டும் எழுதிவைத்தார்கள். ஈமாக்ஸ் முறையும் முதல் வரைவுகளில் இருந்தது. ஆனால் தரம் என்று ஒன்றை வகுத்தால், விரித்துக்கொள்ள இடமில்லாத வறட்டு ஈமாக்ஸ்களை நிறுவனங்கள் விற்கத் தொடங்கிவிடும் என்று ஈமாக்ஸ் அன்பர்களே அதை எதிர்த்தார்கள். விளைவு, தரத்தில் இருப்பது வீஐ. பாஷைத் திறந்தவுடன் கைக்குக் கிடைப்பது ஈமாக்ஸ். இலக்கணத்தில் ஒன்று, வழக்கில் ஒன்று. தமிழ் எழுதுகிற நமக்கு இந்த நிலை அந்நியமானதன்று.

*

எங்கள் மூவரிலேயே இரு மரபினர் உண்டு. ஒருவர் கல்லூரிக் காலம் முதல் வீஐ. இன்னொருவர் ஈமாக்ஸ். மூன்றாமவர் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு முடித்து, பிறகு 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறைக்குக் கையை மாற்றிக்கொண்டவர். பழைய தட்டச்சு முறை, பாமினி, அஞ்சல் முறை, தமிழ்99 என்று ஒரே மொழிக்கு எத்தனை பலகைகள் என்பதை அனுபவித்த அவருக்கு எங்கள் சச்சரவு வேடிக்கையாக இருந்தது. “ஒருமுறை கையை உடைத்துக் கட்டினவளுக்குத் தெரியும், அது என்ன விலை என்று” என்றார்.

விலை என்ற சொல் எங்களிடையே பொருளோடு வந்து நின்றது வேறொரு காரணத்தால். வீஐ நண்பருக்கு இடது சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை வலி. பகல் முழுதும் விசைப்பலகை, மாலையில் மறுபடி விசைப்பலகை. இயன்முறை மருத்துவர் இரண்டில் ஒன்றைக் குறைக்கச் சொன்னார். சம்பளம் தருவதைக் குறைக்க முடியாது. சொல்லடைவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று நண்பர் ஒருநாள் எழுதினார். இதழ்களின் பழைய அச்செழுத்தையும் அதன் குறும்புகளையும் எங்களில் நன்கறிந்தவர் அவர்தான். அவர் விலகினால் வேலை நடக்கும். ஆனால் அது வேறு வேலையாக இருக்கும்.

அதன்பிறகு விசைகளைப் பற்றிய பேச்சு எங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஒவ்வொரு விசைக்கும் கூலி உண்டு என்றால் வீண் விசைகள் எவை என்று எண்ணத் தொடங்கினோம்.

முதலில் எஸ்கேப். ஆஸ்கி அட்டவணையில் எஸ்கேப்பின் எண் 27. கண்ட்ரோலோடு ஓர் எழுத்தை அழுத்தும்போது அதன் எண்ணின் கீழ்ப்பகுதி மட்டும் எஞ்சும். அந்தக் கணக்கில் கண்ட்ரோலும் இடது சதுர அடைப்பும் சேர்ந்தால் அதே 27. முனையத்தின் பார்வையில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. கேப்ஸ் லாக்கை இயங்குதள அமைப்பில் கண்ட்ரோலாக மாற்றிவிட்டால், சுண்டுவிரல் இருந்த இடத்திலிருந்து சற்றே அசைந்தால் போதும். மேல்மூலைக்கு ஓட வேண்டாம். ஏடிஎம்-3ஏ வைத்திருந்த இடத்தில் கண்ட்ரோலைத் திருப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்தது, எஸ்கேப் அழுத்திய பின் வரும் அரைநொடித் தயக்கம். அம்புவிசைகளும் 27இல்தான் தொடங்குகின்றன. ஆகவே 27 வந்தவுடன், இது தனி எஸ்கேப்பா, அம்புவிசையின் தலையெழுத்தா என்று ரீட்லைன் காத்திருந்து பார்க்கிறது. இயல்பான காத்திருப்பு 500 மில்லிநொடி. கீசெக்-டைம்அவுட் என்ற அமைப்பை 50 என்று குறைத்தோம். தயக்கம் போனது, ‘விழவில்லையோ’ என்று இரண்டாம் முறை அழுத்துவதும் போனது.

மூன்றாவது, ஏற்கெனவே அடித்ததை மறுபடி அடிப்பது. மேல் அம்புவிசையை வெறுமனே முந்தைய கட்டளைக்குப் போகச் சொல்லாமல், ஹிஸ்டரி-சர்ச்-பேக்வேர்ட் என்ற செயலோடு இணைத்தோம். கட்டளையின் முதல் மூன்று எழுத்தை அடித்து மேல் அம்பை அழுத்தினால், அப்படித் தொடங்கும் பழைய கட்டளைகள் மட்டும் ஒவ்வொன்றாக வரும். நீண்ட தேடல் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இடும் எங்களைப் போன்றவர்களுக்கு விரலின் பாரத்தைக் குறைத்ததில் இதற்கே முதலிடம்.

பொதுச் சேவையகத்தில் கணக்கு ஒன்று, கைகள் மூன்று என்பது இன்னொரு சிக்கல். அதற்கும் கோப்பிலேயே வழி இருக்கிறது. இரு மரபினருக்கும் பொதுவானவற்றை ஒரு கோப்பில் வைத்தோம். அதற்குள், நடப்பது ஈமாக்ஸ் முறையா வீஐ முறையா என்று ‘இஃப்’ நிபந்தனை கொண்டு பார்த்துத் தேவையானதைப் பிரித்து எழுதலாம். ஒவ்வொருவரின் சொந்தக் கோப்பும் தன் முறையை முதலில் அறிவித்துவிட்டு, ‘இன்க்ளூட்’ வரியால் பொதுக் கோப்பை அழைத்துக்கொள்கிறது. உள்ளே நுழைந்ததும் அவரவர் பெயருக்குரிய ஒரு சிறு கட்டளையை இடுகிறோம். அது இன்புட்ஆர்சி என்ற சூழல் மாறியை அவரவர் கோப்புக்குத் திருப்பி, ஓடிக்கொண்டிருக்கும் பாஷுக்கும் பைண்ட் கட்டளையால் அக்கோப்பைப் படித்துக்காட்டுகிறது. பிறகு திறக்கும் ரீட்லைன் நிரல்கள் எல்லாம் அந்தக் கையை அடையாளம் கண்டுகொள்கின்றன. கோப்பைத் திருத்தினால் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஆர், மறுபடி படிக்கப்பட்டுவிடும்.

முயல்பவர்களுக்கு ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். கண்ட்ரோல்-டபிள்யூவையும் கண்ட்ரோல்-யூவையும் கோப்பில் மாற்றி எழுதியும் பயனில்லாமல் போவதுண்டு. முதல்படிக்காரரான முனைய இயக்கி தனக்கென்று வைத்திருக்கும் அழிவிசைகளை ரீட்லைன் மரியாதையுடன் எடுத்து அணிந்துகொள்வதே காரணம். பைண்ட்-டிடிஒய்-ஸ்பெஷல்-சார்ஸ் என்ற அமைப்பை அணைத்தால் அந்த மரியாதை நிற்கும்.

*

ஒரே ஓலை எல்லா ஊர்களிலும் செல்லும் என்று மேலே எழுதியது முழு உண்மையன்று. செல்லாத ஊர்கள் உண்டு. சில புதிதாக முளைக்கின்றன.

ரீட்லைன் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வருவது. அதை இணைத்துக்கொள்ளும் நிரலும் அந்த உரிமத்துக்கு இசைய வேண்டும். 1992இல் சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிச் செயலாக்கத்தை எழுதிய புரூனோ ஹைபிளுக்கும் ஸ்டால்மனுக்கும் இதுகுறித்து நடந்த கடித விவாதத்தின் முடிவில், சிலிஸ்ப் ஜிபிஎல்லுக்கு மாறியது. வரியின் தொடக்கத்துக்குப் போக ஒரு விசை வேண்டும் என்ற சிறு ஆசை, ஒரு மொழியின் செயலாக்கம் எந்த உரிமத்தில் வெளிவர வேண்டும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது! அந்த நிபந்தனையை விரும்பாதவர்களுக்கு பிஎஸ்டி மரபின் லிப்எடிட் இருக்கிறது. மேக் கணினிகளில் ரீட்லைன் என்று எண்ணி நாம் பேசுவது பலநேரம் இதனோடுதான். இதற்கு இன்புட்ஆர்சி தெரியாது. எடிட்ஆர்சி என்ற வேறு கோப்பும் வேறு இலக்கணமும் வேண்டும். இசட்ஷெல்லுக்குச் சொந்தமாகவே ஒரு திருத்தி. பைண்ட்கீ என்பது அதன் மொழி. எடிட்டர் என்ற சூழல் மாறியின் மதிப்பில் ‘வீஐ’ என்ற இரு எழுத்தைக் கண்டால் தானாகவே வீஐ முறைக்குப் போய்விடும் அளவுக்கு அது சொந்த புத்தி உடையது.

ஐபைத்தான் 2016இல் வெளிவந்த தன் ஐந்தாம் பதிப்பில் ரீட்லைனை விட்டு வேறு நூலகத்துக்குப் போனது. பைத்தானும் 2024இல் வந்த 3.13 பதிப்பில் புதிய உரையாடல் முகப்பைக் கொண்டுவந்தது. வண்ணங்கள், பலவரித் திருத்தம் எல்லாம் அழகு. ஆனால் எங்கள் நண்பரின் வீஐ விரல்களை அது அறியவில்லை. பைத்தான்_பேசிக்_ரெப்ல் என்ற சூழல் மாறியை இட்டு அவருக்குப் பழைய முகப்பையே திருப்பித் தந்தோம். மறுமுனையில், எட் போல எந்தத் திருத்த வசதியும் இல்லாத பழம் நிரல்களுக்கு ஆர்எல்ராப் என்ற உறையைப் போர்த்தினால் ரீட்லைன் முழுதும் கிடைத்துவிடும். பழையது ஒரு போர்வையில் நம்மோடு ஒத்துப்போகிறது. புதியது தன் வழியே நம் வழி என்கிறது.

*

தமிழுக்கென்றே ஒரு விந்தை இருக்கிறது. மொழிச்சூழல் எதுவும் அமைக்கப்படாமல் வெறும் ‘சி’ என்றிருக்கும் சேவையகத்தில், இயல்பு அமைப்பிலுள்ள பாஷில் ‘ஊ’ என்று அடித்தால் என்ன ஆகும்? யூடிஎஃப்-8 முறையில் ‘ஊ’ என்பது 224, 174, 138 என்ற மூன்று பைட்டுகள். அச்சூழலில் ரீட்லைன், 127க்கு மேற்பட்ட பைட்டைக் கண்டால் அதிலிருந்து 128ஐக் கழித்து, ஆல்ட்டுடன் அந்த விசையை அழுத்தியதாகக் கொள்கிறது. முதலாவதை விட்டுவிடுவோம். இரண்டாவது 46, அதாவது முற்றுப்புள்ளி. ஆல்ட்-புள்ளி என்றால் முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை இங்கே கொண்டுவா என்று பொருள். மூன்றாவது 10, அதாவது கண்ட்ரோல்-ஜே. ஆல்ட்டுடன் சேர்ந்தால் வீஐ முறைக்கு மாறு என்று பொருள். ஆக, ‘ஊர்’ என்று எழுதத் தொடங்கியவர் முதல் எழுத்திலேயே, கேளாத ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டு வேறொரு மரபுக்குள் தள்ளப்படுகிறார். எழுத்து எழுத்தாகப் படிக்கப்படாமல் கட்டளையாகப் படிக்கப்படுகிறது.

மருந்து எளிது. மொழிச்சூழலை யூடிஎஃப்-8 ஆக்க வேண்டும். கோப்பில் இன்புட்-மெட்டாவையும் அவுட்புட்-மெட்டாவையும் திறந்து கன்வெர்ட்-மெட்டாவை அணைக்க வேண்டும். கோப்பை மட்டும் மாற்றிச் சூழலை விட்டுவிட்டால் எழுத்து உள்ளே வரும், ஆனால் ஓர் ‘ஊ’வை அழிக்க மூன்றுமுறை அழிவிசை வேண்டியிருக்கும். எங்கள் பொதுக் கோப்பின் முதல் மூன்று வரிகள் இவைதாம். இரு மரபினருக்கும் சச்சரவில்லாத வரிகளும் இவையே.

*

எல்லாவற்றையும் தன் கைக்கேற்ப மாற்றிக்கொள்வதா, இயல்பு அமைப்புக்குக் கையைப் பழக்கிக்கொள்வதா என்ற பழைய விவாதம் எங்களிடையே தீர்ந்துவிடவில்லை. ஈமாக்ஸ் நண்பர் இயல்புக் கட்சி. பிறர் கணினியில் அமர்ந்தால் நம் கோப்பு அங்கே இராது. அளவுக்கு மீறி மாற்றியவனின் கை அங்கே அகதியாகிவிடும் என்பார். அதில் உண்மை இருக்கிறது. கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-ஈ, கண்ட்ரோல்-கே மூன்றும் மேக் கணினியின் சாதாரண எழுத்துப்பெட்டிகளில்கூட வேலை செய்கின்றன. அத்தனை தூரம் பரவிய வழக்கை விட்டு விலகுவதற்குக் காரணம் வேண்டும். ஆனால் மணிக்கட்டு வலிப்பவருக்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு அது வசதியன்று. வேலையில் நீடிப்பதா இல்லையா என்ற கேள்வி.

எனவே நாங்கள் வந்துசேர்ந்த இடம் இது: கோப்பு சிறியதாக இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்டால் விடை இருக்கட்டும். விடை ‘அழகாக இருக்கிறது’ என்றால் அழித்துவிடலாம். ‘இவருடைய கை’ என்றால் இருக்கட்டும். இப்போது பொதுக் கோப்பும் மூன்று சொந்தக் கோப்புகளும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வீஐ நண்பர் வாரத்தில் மூன்று மாலை வருகிறார். ஒருமணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை. வலி முற்றிலும் போகவில்லை. சொல்லடைவு ‘த’கர வரிசையில் நிற்கிறது.